மேகத்துக்குள் எந்தக் கருவியை நம்புவது? சிறு விமானத்தின் விலைக் கணக்கு

சிறிய விமானங்களின் முன்பலகையில் கருவிகள் உட்காரும் வட்டத் துளையின் விட்டம் பெரும்பாலும் மூன்றே அரைக்கால் அங்குலம். பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 172 ஆனாலும் சரி, ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக ரிவெட் அடித்துக் கட்டிய ஆர்.வி. விமானம் ஆனாலும் சரி, துளையின் அளவு அதேதான். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் ஒரு எலக்ட்ரானிக் அடிவானங்காட்டியை அந்தத் துளைக்குள் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குப் பொருத்தலாம். பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தும் ஒன்றைப் பொருத்தலாம். இரண்டும் காட்டும் படம் ஒன்றே: மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவே அடிவானக் கோடு.

அப்படியானால் மிச்சப் பணம் எதற்குப் போகிறது? அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள், அதிலும் தாங்களே கட்டிப் பறப்பவர்கள், பல வருஷங்களாக மோதிக்கொள்ளும் கேள்வி இது. மலிவானது ஆபத்தான நேரத்தில் காலை வாரிவிடும் என்பது ஒரு கட்சி. அரசாங்கத்தின் சான்றிதழ்க் காகிதத்துக்குத்தான் அவ்வளவு காசு என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கருவி எத்தனை மணி நேரம் கெடாமல் ஓடும் என்பதையே இரு கட்சியும் பேசிக்கொண்டிருக்கின்றன. கெடும்போது அது எப்படிக் கெடும், கூடவே எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று கேட்டால்தான் விலைக்கு அர்த்தம் பிடிபடும் என்பது என் கருத்து.

முதலில் அந்தக் கோடு ஏன் உயிர்க்கோடு என்பதைப் பார்த்துவிடலாம். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை பொனான்சா விமானத்தில் உட்காரவைத்து, மேகத்துக்குள் நுழைந்ததுபோல வெளிப்பார்வையை மறைத்தார்கள். 20 பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அவர்களில் 19 பேர் விமானத்தைச் சரித்து, சுழன்றபடி தரையை நோக்கி இறங்கும் நிலைக்குக் கொண்டுபோனார்கள். மிகச் சீக்கிரம் தவறியவருக்கு 20 விநாடி ஆயிற்று. அதிகம் தாக்குப்பிடித்தவருக்கு 480 விநாடி. சராசரி 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் ஒரு சீரான திருப்பத்தையும் நேரான பறத்தலையும் பிரித்தறிய முடியாது. கண்ணுக்கு அடிவானம் தெரியாத இடத்தில் மனிதன் அந்தக் கோட்டை மட்டுமே நம்பியாக வேண்டும்.

பழைய விமானங்களில் அந்தக் கோட்டைத் தாங்கியது பம்பரம்போலச் சுழலும் ஒரு சக்கரம், அதாவது ஜைரோ. அதைச் சுழற்றுவதற்காக, காற்றை உறிஞ்சும் ஒரு வேக்குவம் பம்ப் எஞ்சினோடு இணைந்திருக்கும். பிற்காலத்தில் வந்த உலர் வகை பம்புகளில் கார்பன் தகடுகள் உண்டு. அவை தேய்ந்து தேய்ந்து, முன்னறிவிப்பு எதுவும் தராமல் ஒருநாள் நொறுங்கும். 500 மணி முதல் 1,000 மணிக்குள் பம்பை மாற்றிவிடுவது பல பட்டறைகளில் வழக்கம்.

அது கெடும் விதம்தான் பயங்கரம். பம்ப் நின்றதும் ஜைரோ உடனே நிற்காது. பம்பரம் ஓய்வதுபோல வேகம் குறைந்து, சில நிமிடங்களில் மெதுவாகச் சாயத் தொடங்கும். கோடு இரண்டு டிகிரி சாய்ந்தால் பைலட் விமானத்தை இரண்டு டிகிரி எதிர்ப்பக்கம் திருத்துவார். அது நாலு டிகிரி சாய்ந்தால் அவரும் நாலு டிகிரி. பொய் சொல்லும் கருவியோடு ஒத்துப்போய்க்கொண்டே, நேராகப் பறப்பதாக நம்பியபடி, அவர் விமானத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். பம்ப் அளவுமானியின் முள் ஓரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். ஆனால் அது சின்ன டயல், இருப்பதும் ஏதோ ஒரு மூலையில்.

2000 அக்டோபர் 16-ஆம் தேதி இரவு, மழையில், மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னகன் பறந்த செஸ்னா 335 விழுந்து மூவர் இறந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் அவருடைய மகன். முதன்மை அடிவானங்காட்டி சரியில்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, வலப்பக்க இருக்கைக்கு முன்னால் இருந்த இன்னொன்றைப் பார்த்து ஓட்ட முயன்றிருக்கிறார். பைலட் திசையுணர்வை இழந்து கட்டுப்பாட்டைத் தவறவிட்டதே காரணம் என்று விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. முதன்மைக் கருவியின் பழுதையும் மோசமான வானிலையையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. இரண்டாவது கருவி விமானத்தில் இருந்தது. இருட்டில், குலுங்கும் விமானத்தில், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இதனால்தான் சுழலும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் கருவிகள் வந்தபோது சிறு விமானக்காரர்கள் அவற்றை அவ்வளவு ஆசையோடு பார்த்தார்கள். தாங்களே கட்டிய விமானங்களுக்கு அவை முதலில் கிடைத்தன. அங்கே அடிவானங்காட்டிக்குத் தரச்சான்று வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொழிற்சாலையில் செய்த விமானம் வைத்திருந்தவர்கள் மட்டும் பழைய பம்போடு மல்லுக்கட்டினார்கள். சான்று பெற்ற மாற்றுக் கருவியின் விலை சில நேரம் பழைய விமானத்தின் விலையில் பெரிய பங்காக இருந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் வேக்குவம் அடிவானங்காட்டிகளை மாற்றும் வழியை எளிதாக்கிக் கொள்கை வெளியிட்டது. 2016-இல், கட்டிப் பறப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட டைனான் டி10ஏ கருவியைச் செஸ்னா 172 போன்ற விமானங்களிலும் பொருத்த அனுமதி வந்தது. அதே வருஷம் கார்மின் கம்பெனியின் ஜி5 கருவி வந்தது. சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு அப்போது அதன் விலை சுமார் 1,200 டாலர். சான்று பெற்ற விமானத்துக்கு 2,100 டாலருக்கு மேல். பெட்டி அதே வடிவம், அதே திரை. காகிதத்துக்குத்தான் காசு என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனாலும் அந்தக் காகிதத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். அதற்குப் பின்னால் இரண்டு பெரிய வேலைகள் இருக்கின்றன. ஒன்று, டிஓ-160 என்ற சோதனைத் தொகுதி. கொதிக்கும் வெயில், உறையும் குளிர், அதிர்வு, ஈரப்பதம், ரேடியோ குறுக்கீடு, மின்னல் என்று பெட்டியை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். இன்னொன்று மென்பொருளுக்கான டிஓ-178. பழுதானால் என்ன விளையும் என்பதைப் பொறுத்து மென்பொருளை ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது அது. கடுமையான ஏ நிலையில் நிறைவேற்றவேண்டிய நிபந்தனைகள் 71. டி நிலையில் 26 மட்டுமே. ஒவ்வொரு வரி நிரலும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்று காட்டவேண்டும். இந்த உழைப்பெல்லாம் சில ஆயிரம் கருவிகளின் விலையில்தான் பங்கிட்டு ஏறுகிறது. கோடிக்கணக்கில் விற்கும் செல்போனைப்போல அங்கே விலை இறங்க வழியில்லை.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் முக்கியமாக வாங்குவது ஒன்றைத்தான்: கருவி தவறான படத்தை உண்மைபோலக் காட்டக் கூடாது. திரை அணைந்துபோனால் பரவாயில்லை, பைலட் அடுத்ததைப் பார்ப்பார். பெரிய சிவப்புப் பெருக்கல் குறி வந்தாலும் பரவாயில்லை. நிரல் எங்கோ சிக்கி, கடைசியாக வரைந்த படம் அப்படியே உறைந்து, நேராகப் பறக்கிறாய் என்று சாதித்துக்கொண்டிருப்பதுதான் வேக்குவம் ஜைரோ செய்த அதே துரோகம். எந்தக் கருவியை வாங்கப் போனாலும் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: உன் சென்சார் செத்தால் திரையில் என்ன வரும்? படம் உறைந்தால் அதைக் கண்டுபிடித்துத் தன்னைத் தானே அணைக்க உள்ளே ஏதாவது காவல் இருக்கிறதா? விலை குறைவான கருவிகளிலும் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கையேட்டின் பழுது நிலைகள் பகுதியைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

அடுத்தது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது. பெரிய விமானங்களில் லேசர் ஜைரோக்கள் உண்டு. அவற்றின் தவறு ஒரு மணி நேரத்துக்கு 0.01 டிகிரி அளவில் இருக்கும். மலிவான கருவியில் இருப்பது செல்போனில் இருக்கும் வகைச் சில்லு: சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய துண்டு அதிர்ந்துகொண்டிருக்கும், விமானம் திரும்பினால் அந்த அதிர்வு கொஞ்சம் இடம் மாறும். அதை அளந்து கூட்டிக்கொண்டே போனால் சாய்வு தெரியும். ஆனால் ஒவ்வொரு அளவிலும் ஒரு துளி பிழை இருக்கும், வெப்பம் மாறினால் அதுவும் மாறும். தனியாக விட்டால் ஒரு மணி நேரத்தில் கோடு பல டிகிரி நகர்ந்துவிடும். எனவே அடிக்கடி யாராவது அதற்கு எது கீழே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புவியீர்ப்பை அளக்கும் சென்சார் இருக்கிறதே, அது சொல்லாதா என்று தோன்றும். சொல்லாது. ஒழுங்கான திருப்பத்தில் விமானம் 30 டிகிரி சாய்ந்திருந்தாலும் கப்பில் இருக்கும் காபி சாயாது. எடை முழுவதும் நேராக விமானத்தின் தரைக்குத்தான் இறங்கும். நம் காதை ஏமாற்றும் அதே விஷயம் அந்தச் சென்சாரையும் ஏமாற்றுகிறது. திருப்பத்தால் வரும் விசை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்தால்தான் உண்மையான கீழ்த்திசை கிடைக்கும். அந்தக் கணக்குக்கு விமானத்தின் வேகம் வேண்டும். 100 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்), விநாடிக்கு 3 டிகிரி திரும்பினால் சாய்வு சுமார் 15 டிகிரி. வேகம் தெரியாவிட்டால் இந்த 15 கிடைக்காது.

வேகத்தைச் சொல்வது, இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டு எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கும் பிட்டோட் குழாய். அதன் வாயில் பனி அடைத்து, வடிகால் துளை மட்டும் திறந்திருந்தால் வேகமானி பூஜ்யத்துக்கு இறங்கும். பழைய விமானத்தில் அதோடு போயிற்று: வேகமானி போனால் அடிவானங்காட்டி இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வேகத்தைத் துணைக்கு வைத்துக் கணக்குப் போடும் எலக்ட்ரானிக் கருவியில் பனிக்கட்டி ஒன்று வேகத்தையும் பறித்து, அடிவானத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடலாம். அதனால் பல தயாரிப்புகள் பிட்டோட் போனால் ஜிபிஎஸ் வேகத்துக்குத் தாவும்படி செய்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஜிபிஎஸ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2016 ஜூனில் கலிபோர்னியாவின் சைனா லேக் பகுதியில் ஜிபிஎஸ் அலைகளைக் குலைக்கும் சோதனை நடக்கப்போவதாக எச்சரிக்கை வந்தபோது, எம்ப்ரேயர் ஃபீனம் 300 விமானங்கள் அந்தப் பக்கம் போகாமலிருக்கத் தனியாக ஒரு குறிப்புச் சேர்த்தார்கள், ஜிபிஎஸ் குலைந்தால் அவற்றின் பறக்கும் நிலைத்தன்மைக்கே சிக்கல் வரலாம் என்று. அது முழுச் சான்று பெற்ற, பல மில்லியன் டாலர் ஜெட். ஆக, இந்தச் சார்பு மலிவான பெட்டிகளின் வியாதி மட்டும் இல்லை. வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் அடிவானக் கோடு எதையெதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதை.

சரி, விலைக்கு வருவோம். ஒரு மலிவான கருவி 1,000 மணி நேரத்துக்கு ஒருமுறை கைவிடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு விலையுள்ளது பத்து மடங்கு நல்லது, 10,000 மணிக்கு ஒருமுறைதான் கைவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். நல்லது ஒன்று வாங்குவதா, மலிவானது இரண்டு வாங்குவதா? இரண்டு மலிவானவையும் ஒரே மணி நேரத்தில் சேர்ந்து செத்துப்போகும் வாய்ப்பைக் காண ஆயிரத்தில் ஒன்றை ஆயிரத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும்: பத்து லட்சத்தில் ஒன்று. தனியாக நிற்கும் விலை உயர்ந்ததைவிட நூறு மடங்கு மேல், விலையோ ஐந்தில் ஒரு பங்கு. 6,000 பவுண்டுக்குக் குறைவான, ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் பேராபத்தான பழுதுக்கு அமெரிக்க ஆணையம் வைத்திருக்கும் வரம்பும் மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுதான். பயணிகள் ஜெட்டுக்கு 100 கோடியில் ஒன்று. சின்ன விமானத்திடம் ஜெட்டின் கணக்கைக் கேட்டால் யாராலும் நல்ல கருவி வாங்க முடியாமல், எல்லோரும் பழைய பம்போடுதான் பறப்பார்கள் என்று உணர்ந்தே அந்த வரம்பைத் தளர்த்தினார்கள்.

இந்தப் பெருக்கல் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இரண்டும் ஒன்றையொன்று சாராமல் கெட வேண்டும். அதைத்தான் முன்பலகைக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பிக் கற்றைகள் கேபிள் டை போட்டு அழகாக இருக்கும். இரண்டு கருவிகளுக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி சிவப்புக் கம்பி. கறுப்புக் கம்பிகளைப் பின்தொடர்ந்து போனால், இரண்டின் எர்த்தும் ஒரே போல்ட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக லக் (கம்பி முனை வளையம்) போட்டு, ஒரே நட்டால் முறுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் அதிர்வில் அந்த நட்டு அரைச் சுற்று தளர்ந்தால் இரண்டு திரையும் சேர்ந்து மின்னத் தொடங்கும். பத்து லட்சத்தில் ஒன்று என்று போட்ட கணக்கு சில சென்ட் பெறாத ஒரு நட்டின் கணக்காகச் சுருங்கிவிடும். ஒரே ஆல்டர்னேட்டர், ஒரே பிட்டோட் குழாய், ஒரே ஜிபிஎஸ் ஆண்டெனா, எல்லாமே இந்த மாதிரி நட்டுகள்தான்.

ஒரே கம்பெனியின் இரண்டு ஒரே மாதிரிக் கருவிகளுக்கும் இது பொருந்தும். ஒரே நிரல், ஒரே பிழை. ஒன்று தடுமாறும் அதே சூழ்நிலையில் மற்றதும் தடுமாறலாம். போயிங் 777-ஐ வடிவமைத்தவர்கள் இதற்காகவே அதன் முதன்மைப் பறப்புக் கணினிகளில் இன்டெல், மோட்டரோலா, ஏஎம்டி என்று மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் செயலிகளைப் போட்டார்கள். வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவருக்கும் இந்தப் பாடம் கட்டுப்படியாகும்: முதன்மைத் திரை ஒரு கம்பெனியுடையதாக இருந்தால், துணைக் கருவி வேறொரு கம்பெனியுடையதாக, தன் சொந்த பேட்டரியோடு, தன் சொந்த எர்த்தோடு இருக்கட்டும்.

எத்தனை நல்ல பெட்டி வாங்கினாலும் அதைப் பார்க்கும் கண் பழகியிருக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கார்னகன் விபத்தை விசாரித்த அதே பாதுகாப்பு வாரியம் 2010-இல், எலக்ட்ரானிக் திரைகள் கொண்ட சிறு விமானங்களையும் பழைய வட்ட டயல்கள் கொண்டவற்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 2006, 2007 ஆண்டுகளில் மொத்த விபத்து விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உயிரிழப்பு விபத்துகள் மட்டும், ஒரு லட்சம் பறப்பு மணிக்குத் திரை விமானங்களில் 1.03, டயல் விமானங்களில் 0.43. திரை விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும் மேகத்துக்குள் பறப்பதற்கும் அதிகம் பயன்பட்டன என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் வாரியம் அழுத்திச் சொன்னது பயிற்சியைப் பற்றி: ஒவ்வொரு கம்பெனியின் திரையும் வெவ்வேறு விதமாகக் கெடுகிறது, அதைப் பைலட்டுகளுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே கையில் 5,000 டாலர் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறவருக்கு, எங்கே பறப்பீர்கள் என்பதே என் முதல் கேள்வி. தெளிவான பகலில் மட்டும் பறப்பவருக்கு ஜன்னலே அடிவானங்காட்டி. அவருக்கு ஒரு மலிவான கருவி தாராளம். மிச்சத்தைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம். மேகத்துக்குள்ளும் போகிறவர் ஒரே பெரிய திரையில் எல்லாப் பணத்தையும் கொட்ட வேண்டாம். நடுத்தர விலையில் ஒன்று, அதற்கு உறவில்லாத இன்னொன்று, சூடேற்றும் பிட்டோட் குழாய், மிச்சத்தில் ஒரு பயிற்றுநரோடு திரையை மூடிவைத்துப் பழக சில மணி நேரம். துணைக் கருவி கழுத்தைத் திருப்பாமல் தெரியும் இடத்தில், முதன்மைக் கருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காசு வாங்கிப் பயணிகளை ஏற்றுகிறவருக்கு மட்டும் இந்தப் பேரமே கூடாது. பின் இருக்கையில் இருப்பவர் இந்தக் கணக்கு எதையும் போட்டுப் பார்த்து ஏறவில்லை. அவருக்காக முழுச் சான்றுள்ளதை, முழு விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும்.

கடைசியாக அந்தத் துணை பேட்டரி. ஜி5 கருவியின் பேட்டரி 4 மணி நேரம் வரை தாங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அது புது பேட்டரியின் கணக்கு. வெயிலில் நிற்கும் விமானத்துக்குள் நாலைந்து கோடையைக் கழித்த லித்தியம் பேட்டரியின் கணக்கு வேறு. வருஷத்துக்கு ஒருமுறை, விமானம் கொட்டகையில் நிற்கும்போது பேட்டரியை முழுதாக ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். திரை எத்தனையாவது நிமிடத்தில் கறுக்கிறதோ, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கருவிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.